ஆட்டிசம் உள்ள தம்பியின் குடி: பாட்டிலைப் பறிப்பதற்கு முன்

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. மென்பொருள் வேலை. 24 வயதில்தான் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். மூன்று வருடமாகத் தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரே நேரத்தில், ஒரே கிளாஸில், ஏறக்குறைய 300 மி.லி. விஸ்கி குடிக்கிறான். சத்தம் போடுவதில்லை, சண்டை இல்லை. ஆனால் இப்போது காலையில் கை நடுங்குகிறது. மறுவாழ்வு மையம் ஒன்றில் 30 நாள் சிகிச்சைக்குச் சேர்த்தோம். 11ஆம் நாளே வெளியே வந்துவிட்டான். குழுவில் வாய் திறக்கவில்லை, "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குடிப்பழக்கம் வராது என்று ஒரு மருத்துவர் சொன்னார். அப்படியானால் இவனுக்கு மட்டும் ஏன்? ஆட்டிசம்தான் காரணமா? திரும்பவும் மையத்தில் சேர்க்கலாமா? தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மாத்திரை இருக்கிறதாமே, கொடுக்கலாமா? இல்லை, முதலில் நாங்களே பாட்டிலை ஒளித்து வைத்து நிறுத்திப் பார்க்கட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத அக்கா

பதில்: உங்கள் கடைசிக் கேள்விதான் அவசரமானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். பாட்டிலை ஒளிக்காதீர்கள். மருத்துவர் பார்க்கும்வரை அளவைத் திடீரென்று குறைக்கவும் சொல்லாதீர்கள்.

40 சதவீத விஸ்கி 300 மி.லி. என்றால் அதில் சுமார் 95 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. மூன்று வருடம் தினமும் இந்த அளவு போனால், மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தை ஏற்றி வைத்துக்கொள்ளும். காலை நடுக்கம் அதன் அடையாளம். இந்த நிலையில் ஒரேயடியாக நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்கு டெலிரியம் என்ற நிலை வரலாம்: நேரமும் இடமும் தெரியாது, இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சலும் இதயத் துடிப்பும் ஏறும். அது உயிரைப் பறிக்கக்கூடியது. வலிப்பு வந்தாலோ குழப்பம் தொடங்கினாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே முதல் வேலை, மதுவை மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துவது. மூளையை அமைதிப்படுத்தும் பென்சோடயசிபைன் வகை மருந்தைக் கொடுத்து, பொதுவாக 5 முதல் 10 நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின். உங்கள் தம்பி சில உணவுகளை மட்டுமே திரும்பத் திரும்பச் சாப்பிடுபவர் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குடியும் குறுகிய உணவுப் பட்டியலும் சேர்ந்தால் தயமின் பற்றாக்குறை எளிதில் வரும். நடை தள்ளாடுவது, கண் அசைவு மாறுவது, குழப்பம் ஆகியவை அதன் ஆபத்தான அறிகுறிகள். அதனால் தயமினை ஊசியாகப் போட வேண்டுமா என்று கேளுங்கள். போன முறை மையத்தில் முதல் சில நாட்கள் எப்படி இருந்தார், வலிப்பு ஏதும் வந்ததா என்பதையும் விசாரித்துக்கொண்டு போங்கள். முன்பு ஒருமுறை வந்திருந்தால் அடுத்த முறை வரும் வாய்ப்பு அதிகம்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்று இங்கே ஒரு சிக்கல் உண்டு. அனுபவமுள்ள மருத்துவமனைகளிலும் இது தவறிப்போவதுண்டு. மதுவை நிறுத்தும்போது வரும் அறிகுறிகளை அளக்க, 10 அம்சங்கள் கொண்ட சி.ஐ.டபிள்யூ.ஏ. என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் கிடைக்கும் எண்ணை வைத்து மருந்தின் அளவை முடிவு செய்வதும் உண்டு. "சத்தங்கள் வழக்கத்தைவிடக் கடுமையாகக் கேட்கிறதா? வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா? தோலில் அரிப்போ குத்தலோ இருக்கிறதா?" என்பவையெல்லாம் அதில் உண்டு. உங்கள் தம்பிக்குக் குடிக்காத நாளிலும் இதற்கெல்லாம் பதில் "ஆமாம்" ஆக இருக்கலாம். அப்போது எண் பொய்யாக ஏறும். இதற்கு நேரெதிராக, உடலுக்குள் நடப்பதை உணர்ந்து சொல்வது ஆட்டிசம் உள்ள பலருக்குக் கடினம். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போதும் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "சரியாக இருக்கிறேன்" என்பார்கள். அப்போது எண் பொய்யாக இறங்கும். அது இன்னும் ஆபத்து.

இதைச் சமாளிக்க ஒரு தாள் போதும். சேர்ப்பதற்கு முன்பே, சாதாரண நாளில் சத்தம், வெளிச்சம், தொடுகை ஆகியவை அவரை எவ்வளவு தொந்தரவு செய்கின்றன என்பதை 0 முதல் 10 வரை அவரையே எண்ணாக எழுதச் சொல்லுங்கள். அதை நோயாளிக் கோப்பின் முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, கை நடுக்கம் என்று வெளியிலிருந்து அளக்கக்கூடியவற்றுக்கு அதிக எடை கொடுக்கும்படி கேளுங்கள். தூக்க மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்தபோது அமைதியாவதற்குப் பதில் கிளர்ச்சியடைந்த வரலாறு இருந்தால் அதுவும் அந்தத் தாளில் இருக்கட்டும். இயர் பிளக், கறுப்புக் கண்ணாடி, வழக்கமான போர்வை ஆகியவற்றைச் சலுகையாகக் கருதாமல் கையோடு எடுத்துப் போங்கள். இவை இல்லாமல் வார்டின் வெளிச்சத்தில் இரண்டு நாள் இருந்தால் மூன்றாம் நாள் அவர் கிளம்பிவிட வாய்ப்பு அதிகம்.

கேள்வி கேட்கும் விதமும் இங்கே முக்கியம். "ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ்?" என்று கேட்டால் உங்கள் தம்பி "ஒன்று" என்று சொல்லக்கூடும். அவர் ஒரே கிளாஸில்தானே குடிக்கிறார்! அது பொய்யல்ல, கேட்டதற்கு நேரான பதில். "750 மி.லி. பாட்டில் ஒன்று எத்தனை நாளில் தீர்கிறது?" என்று கேட்டால் சரியான கணக்கு வரும்.

இனி, "ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குடிப்பழக்கம் வராது" என்ற பேச்சு. இது முழுப் பொய்யுமல்ல. விதியை மீறப் பிடிக்காது, மதுவின் வாசனையே ஒத்துக்கொள்ளாது, கூட்டாளிகளும் குறைவு. இந்தக் காரணங்களால் பலர் தொடுவதே இல்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்விலும், ஆட்டிசம் உள்ளவர்கள் மொத்தத்தில் போதைப் பொருட்களைக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் பயன்படுத்துபவர்கள் எதற்காக என்று பார்த்தபோது படம் மாறியது. மனத் தொந்தரவுகளையும் ஆட்டிசம் சார்ந்த சிரமங்களையும் அடக்கிக்கொள்ளத்தான் பயன்படுத்துகிறோம் என்று சொன்னவர்கள் மற்றவர்களைவிட மிக அதிகம். 2017இல் வந்த சுவீடன் ஆய்வு தேசியப் பதிவேடுகளிலிருந்து ஆட்டிசம் கண்டறியப்பட்ட 26,986 பேரை எடுத்துப் பார்த்தது. அறிவுத்திறன் குறைபாடோ ஏ.டி.எச்.டி.யோ (கவனக் குறைவும் மிகைச் செயல்பாடும் கொண்ட நிலை) இல்லாதவர்களிடையே போதை சார்ந்த பிரச்சினைகளின் அபாயம் ஆட்டிசம் இல்லாதவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு. ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்திருந்தவர்களுக்கு அபாயம் எல்லோரையும்விட அதிகம்.

இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும் முரணில்லை. முதல் ஆய்வு யார் தொடுகிறார்கள், ஏன் தொடுகிறார்கள் என்று கேட்டது. இரண்டாவது, யார் சிக்கலில் மாட்டினார்கள் என்று பதிவேட்டில் பார்த்தது. தொடுபவர்கள் குறைவாக இருக்கலாம். தொட்டவர்களுக்கு அது ஒரு வேலையைச் செய்து கொடுக்கிறது. வேலை செய்யும் பொருளை யாரும் எளிதில் விடமாட்டார்கள். உங்கள் தம்பியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதன் மையமே இதுதான்: அந்த 300 மி.லி. அவருக்கு என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் அதை எடுத்துவிட்டால், எடுத்த இடம் காலியாகவே இருக்கும்.

சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஒரே நேரம், ஒரே கிளாஸ் என்று நீங்கள் எழுதியதிலேயே துப்பு இருக்கிறது. இது கொண்டாட்டக் குடி அல்ல. ஆல்கஹால் மூளையில் அமைதிப்படுத்தும் சமிக்ஞைகளைக் கூட்டி, கிளர்த்தும் சமிக்ஞைகளைக் குறைக்கிறது. பகல் முழுவதும் அலுவலகச் சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்கி, மற்றவர்களைப் போலவே சிரித்துப் பேசி, ஆட்டிசத்தை மறைத்து நடித்துவிட்டு வருபவருக்கு மாலை 7 மணிக்கு அது ஒரு சுவிட்ச் மாதிரி. 24 வயதுவரை கண்டறியப்படாமல் இருந்தவர் என்பதால் இந்த மறைத்து நடிப்பதை அவர் சின்ன வயதிலிருந்தே செய்து பழகியிருக்கக்கூடும். ஆட்டிசம் அவரைக் குடிக்க வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆட்டிசத்துக்கு இடமே கொடுக்காத ஒரு நாள் ஒழுங்கு அவரை அந்தச் சுவிட்சைத் தேட வைத்திருக்கலாம். இது என் ஊகம். அவரிடம் சரிபார்க்க வேண்டும்.

சரிபார்க்க 14 நாள் பதிவு வைக்கலாம். "ஏன் குடிக்கிறாய்?" என்ற கேள்வி வேண்டாம். உணர்வுக்குப் பெயர் வைக்க முடியாத அலெக்ஸிதிமியா என்ற தன்மை ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருப்பதால், அதற்குப் பதில் வராது. எண்களும் சம்பவங்களும் வரும். அட்டவணையில் இவை போதும்: குடிக்கத் தொடங்கிய நேரம், மி.லி. அளவு, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் நடந்தது, அன்றைய சத்தம் 0 முதல் 10, பேச வேண்டியிருந்த ஆட்களின் எண்ணிக்கை, திட்டமிடாமல் நடந்த மாற்றம் ஏதாவது, தூங்கிய நேரம், விழித்த நேரம். மென்பொருள்காரர், அட்டவணையை அவரே உங்களைவிட நன்றாக வடிவமைப்பார். மருத்துவமனைத் தேதி அதற்கு முன்பே கிடைத்தால் பதிவுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். கையில் இருக்கும் நாட்களை வைத்தே பார்க்கலாம்.

அலுவலகக் கூட்டம் நடந்த நாட்களில் அளவு ஏறினால் அது செய்யும் வேலை சத்தத்தையும் மனிதர்களையும் கழுவிவிடுவது. எல்லா நாளும், விடுமுறையிலும்கூட, அளவு மாறாமல் இருந்தால் அது வேலை நேரத்திலிருந்து வீட்டு நேரத்துக்கு மாறும் சடங்கு, கூடவே உடல் அடிமைத்தனம். தூங்கப் போகும் நேரத்தை ஒட்டி ஏறினால் தூக்கம்.

மாற்று ஏற்பாடு அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும். சத்தம்தான் பிரச்சினை என்றால் அலுவலகத்திலிருந்து வரும் வழியிலேயே சத்தம் தடுக்கும் ஹெட்போன், வந்ததும் விளக்கணைத்த அறையில் 40 நிமிடம், அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது. சடங்குதான் என்றால் சடங்கை ஒழிக்காதீர்கள். அதே நேரம், அதே நாற்காலி, கிளாஸில் வேறு குளிர்ந்த பானம். இங்கே ஒரு எச்சரிக்கை: ஆல்கஹால் இல்லாத பீர் போன்றவை சிலருக்கு நல்ல மாற்று, சிலருக்கு அந்தச் சுவையே ஏக்கத்தைக் கிளறும். முதல் மூன்று மாதம் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. மனிதர்கள்தான் பிரச்சினை என்றால் "நன்றாகப் பழகக் கற்றுக்கொள்" என்ற பயிற்சியைவிட, வாரத்தில் எத்தனை கூட்டங்களை மின்னஞ்சலாக மாற்ற முடியும் என்று பார்ப்பது அதிகம் உதவும்.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மது தூங்க வைக்கும், ஆனால் இரவின் பின்பாதியைக் கெடுக்கும். நிறுத்திய பிறகும் பல வாரங்கள் தூக்கம் சீராகாது. அதே வாரங்களில்தான் இத்தனை நாள் மது அமுக்கி வைத்திருந்த சத்தமும் வெளிச்சமும் முன்பைவிடக் கூர்மையாகத் திரும்பி வரும். "குடிக்காமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள், இன்னும் மோசமாகிவிட்டதே" என்று அவர் முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான். இதை முன்கூட்டியே, தேதி போட்டுச் சொல்லிவிட வேண்டும். முதல் 4 வாரத்துக்கு வேலைச் சுமையைக் குறைக்க முடியுமானால் குறையுங்கள். மருத்துவமனையில் கொடுத்த பென்சோடயசிபைன் மாத்திரை தூக்கத்துக்காக வீட்டிலும் தொடரக் கூடாது. அது மது செய்த அதே வேலையைச் செய்யும், அதே வழியில் பழக்கமாகும், அதையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். கஞ்சாவுக்கு மாறுவதும் இதே கதைதான். "தலையை அமைதியாக்குகிறது" என்று சொல்லித் தொடங்குபவர்கள் உண்டு. அளவு ஏறிக்கொண்டே போகும், சிலருக்குச் சந்தேக எண்ணங்களையும் மனச்சிதைவு அறிகுறிகளையும் கிளப்பிவிடும்.

அந்த மையத்தில் என்ன தவறியது? உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், அவர் ஒத்துழைக்கவில்லை என்று நான் எழுதியிருக்க மாட்டேன். வட்டமாக உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, முன்பின் தெரியாத இருபது பேர் நடுவில் "உங்கள் உணர்வைச் சொல்லுங்கள்" என்று கேட்கும் முறை பலருக்கு உதவுகிறது. ஆட்டிசம் உள்ளவருக்கு அவர் எதிலிருந்து தப்பக் குடித்தாரோ அதையே அது திரும்பக் கொடுக்கிறது. "எனக்குக் குடிப் பிரச்சினையே இல்லை" என்ற மறுப்பை உடைக்கக் குரலை உயர்த்தும் பாணி இன்னும் மோசம். அதற்காக எல்லா மையங்களையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மணியடித்தாற்போல் நடக்கும் நேர ஒழுங்கு சிலருக்கு மிகவும் பிடித்துப்போகும். படிகளும் விதிகளும் கொண்ட குழு முறை பிடித்துப்போனவர்களும் உண்டு.

அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நேரில் போய்க் கேளுங்கள்: தனி ஆலோசனை வாரத்துக்கு எத்தனை முறை? குழுவில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாமா, பதிலை எழுதிக் கொடுக்கலாமா? தனி அறையோ குறைந்தது அமைதியான மூலையோ கிடைக்குமா? அன்றாட அட்டவணை முந்தைய நாளே எழுத்தில் கிடைக்குமா, மாறினால் யார் சொல்வார்கள்? ஆலோசகர் மாறாமல் இருப்பாரா? இந்தக் கேள்விகளுக்கு "எல்லோருக்கும் ஒரே விதிதான் இங்கே" என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள். உடல் அறிகுறிகளை மருத்துவமனையில் 7 முதல் 10 நாளில் முடித்துக்கொண்டு, மீதியை வாரம் இருமுறை தனி ஆலோசனையாக வீட்டிலிருந்தே தொடர்வது இவருக்கு மறுபடி ஒரு 30 நாளைவிடப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆலோசனையிலும் மாற்றம் வேண்டும். அன்று என்ன பேசப் போகிறோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உருவகம் கூடாது. "அலை மாதிரி வரும், மேலே மிதந்து கடந்துவிடு" என்றால் புரியாது. "ஏக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும், அதுவரை இந்த மூன்றில் ஒன்றைச் செய்" என்றால் புரியும். சறுக்கலையும் அப்படியே பேச வேண்டும். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று யோசிப்பவருக்கு, 40 நாள் கழித்து ஒருநாள் குடித்தால் 40 நாளும் வீண் என்று தோன்றும். அந்த நாளுக்கான நடைமுறையை இப்போதே எழுதி வையுங்கள்: யாருக்கு ஒரு வரிச் செய்தி அனுப்புவது, மீதிப் பாட்டிலை என்ன செய்வது, மறுநாள் எந்தப் பதிவை நிரப்புவது.

மருந்துக்கு வருகிறேன். சாப்பாட்டில் கலக்கச் சொல்லும் மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிராம். அது ஏக்கத்தைக் குறைப்பதில்லை. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, சில சமயம் உயிரே போகும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 14 நாள்வரை இது நடக்கலாம். தினமும் குடிக்கும் ஒருவருக்குத் தெரியாமல் இதைக் கொடுப்பது சிகிச்சையே அல்ல. உங்கள் தம்பி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அவர் நம்பிச் சாப்பிடும் உணவுகள் ஏற்கெனவே சில என்றால், அதில் ஏதோ கலந்திருக்கிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் வீட்டுச் சாப்பாடே நின்றுபோகலாம். முழு விவரமும் தெரிந்து, அவரே சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுப்பது வேறு. "மாத்திரை போட்டாச்சு, ஆகவே இன்று கிடையாது" என்ற தெளிவான விதி சிலருக்கு நிம்மதி தரும்.

வழக்கமாக முதலில் யோசிக்க வேண்டியவை வேறு இரண்டு. நால்ட்ரெக்ஸோன் தினம் ஒரு 50 மி.கி. மாத்திரை. கல்லீரல் பரிசோதனை வேண்டும், ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற) வலி மருந்து எடுப்பவருக்குக் கூடாது. அகாம்ப்ரோசேட் பொதுவாக 666 மி.கி. வீதம் மூன்று வேளை. சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். மூன்று வேளையை நினைவில் வைப்பது சிரமம் என்றால் முதலாவது எளிது. ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 2013க்கு முன்பு டி.எஸ்.எம். என்ற அமெரிக்க மனநோய் கண்டறியும் கையேட்டின் விதிப்படி ஆட்டிசம் உள்ளவருக்கு ஏ.டி.எச்.டி.யைச் சேர்த்துக் கண்டறியவே வழியில்லை. அந்தப் பழக்கத்தில் இன்றும் பலர் தேடுவதில்லை. மனச்சோர்வும் பதற்றமும் மதுவால் வந்தவையா, முன்பே இருந்தவையா என்பது நிறுத்தி சுமார் ஒரு மாதம் கழித்துத்தான் தெளிவாகும். ஆனால் தற்கொலை எண்ணத்தை விசாரிக்க அதுவரை காத்திருக்கக் கூடாது. சுற்றி வளைக்காமல் "செத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. "ஆமாம்" என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாம் அங்கிருந்துதான் நகரும். மாலையில் வேண்டாம், குடித்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். விடுமுறை நாள் காலையில் அலைபேசியில் எழுத்துச் செய்தியாக அனுப்புங்கள். உதாரணத்துக்கு: "உன் கை காலையில் நடுங்குவதைப் பார்த்தேன். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று படித்தேன். அதனால் உன்னை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மனநல மருத்துவரை 30 நிமிடம் பார்க்கலாமா? பார்ப்பது நீ, நான் வெளியே இருப்பேன். அவர் கேட்கப்போகும் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கித் தருகிறேன். செவ்வாய் அல்லது வியாழன், எது சரி?" அனுப்பிவிட்டு இரண்டு நாள் விடுங்கள். பதில் வராவிட்டால் மூன்றாம் நாள் ஒரே ஒரு முறை "படித்தாயா?" என்று கேளுங்கள். "முடியாது" என்று வந்தால் எந்தப் பகுதி முடியாது என்று கேளுங்கள்: மருத்துவரா, இடமா, நாளா, பயணமா? காத்திருப்பு அறையின் கூட்டம்தான் தடையென்றால் அன்றைய முதல் நேரத்தை வாங்கலாம், முதல் சந்திப்பைக் காணொளியில் வைத்துக்கொள்ளலாம்.